உதகை மைதானமும் உழைப்புக் கணக்கும்

பந்தயத்தில் வென்று திரும்புகிறவர்களுக்கு மாலையிடுவதில் நம்மவர் யாருக்கும் பின்வாங்கியவர் அல்லர். ரயிலடியிலும் விமான நிலையத்திலும் கூட்டம் கூடுகிறது; மந்திரிகள் வருகிறார்கள்; பரிசுத் தொகை அறிவிக்கப்படுகிறது. அந்த வீரர் அந்த மாலைக்குத் தகுதியாகும்வரை அவர் தேகத்தின்மீது நாள்தோறும் எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டது, அதில் வேண்டியது எவ்வளவு, வீணானது எவ்வளவு, கேடு விளைத்தது எவ்வளவு என்று வினவினால் மாத்திரம் பதில் சொல்வாரைக் காணோம். 2030-ஆம் வருஷத்துக் காமன்வெல்த் போட்டிகள் ஆமதாபாத்துக்கு அளிக்கப்பட்டாய்விட்டன. 2036-ஆம் வருஷத்து ஒலிம்பிக்ஸையும் இந்நாட்டில் நடத்த வேண்டுமென்று இந்திய சர்க்கார் முயன்று வருகின்றனர். மைதானங்களுக்கும் மண்டபங்களுக்கும் மதிப்பீடு போடுகிறார்கள். ஓடப்போகிற கால்களுக்கு யார் மதிப்பீடு போடுகிறார்கள்?

இக்கேள்வியை நீலகிரியை முன்னிட்டு எழுப்புவதற்குக் காரணம் உண்டு. நெடுந்தூரம் ஓடுவோரும் நடைப்பந்தயக்காரரும் பல வருஷங்களாக உதகைக்கு வந்து பழகிச் செல்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது உதகை. 1968-இல் ஒலிம்பிக் போட்டிகள் நடந்த மெக்ஸிகோ நகரத்தின் உயரமும் ஏறத்தாழ அதுவே. மலையில் காற்றிலுள்ள பிராணவாயு குறைந்துபோகிறதென்று பலர் எண்ணுகிறார்கள். விகிதம் குறைவதில்லை, கடற்கரையிலும் மலையுச்சியிலும் அது ஒன்றே. குறைவது காற்றின் அழுத்தம். உதகையில் அந்த அழுத்தம் சென்னையில் உள்ளதைப்போல் சுமார் முக்கால் பங்குதான். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் இரத்தத்துக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைகிறது. தேகம் இதை ஈடுகட்டுவதற்காகச் சிவப்பணுக்களை அதிகமாக உற்பத்தி செய்கிறது. மூன்று நான்கு வாரம் இருந்துவிட்டுக் கீழே இறங்கினால் அந்த ஆதாயம் சில நாட்கள் கூடவே இருக்கும். மலைப் பயிற்சியின் தத்துவம் முழுவதும் இவ்வளவே.

ஆனால் ஆதாயம் வருமுன் நஷ்டம் வருகிறது. சமவெளியில் ஒருவன் எந்த வேகத்தில் சுகமாக ஓடினானோ அதே வேகம் உதகை வந்த முதல் வாரத்தில் அவனுக்குக் கடும் உழைப்பாகிவிடுகிறது. கடிகாரத்தைப் பார்த்தால் வேகம் ஒன்றே. நாடியைப் பார்த்தால் வேறு. கடிகாரத்தை மாத்திரம் நம்பும் பயிற்சியாளர் இவ்விடத்தில்தான் ஏமாறுகிறார்.

இதன் விளைவை உலகம் ஒருமுறை கண்ணாரக் கண்டது. ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் அக்காலத்து நெடுந்தூர ஓட்டக்காரருள் தலைசிறந்தவர். 10,000 மீட்டரை 1965-இல் 27 நிமிஷம் 39 விநாடியில் ஓடி உலகச் சாதனை நிறுவியவர். மூன்று வருஷம் கழித்து மெக்ஸிகோவில் அதே தூரத்தை கென்யாவின் நஃப்தாலி தேமு வென்றது 29 நிமிஷம் 27 விநாடியில். வென்றவரே கிளார்க்கின் சாதனைக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் நிமிஷம் பின்னால்! கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைக் கடந்ததும் நினைவிழந்து வீழ்ந்தார். பிராணவாயு கொடுத்துத்தான் அவரை எழுப்ப வேண்டியதாயிற்று. உயர்ந்த நிலத்தில் பிறந்து வளர்ந்த கென்யரும் எத்தியோப்பியரும் முன்னே சென்றனர். மலை எல்லாருக்கும் ஒரேவிதமாய் இருப்பதில்லை. இது தெரிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், மலைக்கு வரும் இருபது பேருக்கும் ஒரே அட்டவணையைச் சுவரில் ஒட்டுகிற வழக்கம் நம் நாட்டில் போகவில்லை.

உதகையிலேயே நடந்ததைப் பார்ப்போம். பெலாருஸ் தேசத்திலிருந்து வந்து இந்தியப் பெண்களுக்கு நெடுந்தூர ஓட்டம் பழக்கிய நிகோலாய் ஸ்னெசரெவ் தம் மாணவிகளை இம்மலையில் வைத்துப் பழக்கினார். அவர் கடமை வீரர்; 2021 மார்ச்சில் பாட்டியாலா பயிற்சி நிலையத்திலேயே காலமானார். அவரிடம் கற்ற ஸ்ரீமதி லலிதா பாபர் 2016-இல் ரியோ ஒலிம்பிக்ஸில் 3,000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் ஓடிப் பத்தாவதாக வந்தார். இப்பெருமையை யாரும் மறுக்க முடியாது. அவரது முறை மிகக் கடினமானது என்பதையும் யாரும் மறுத்ததில்லை. சிலருடைய தேகம் அதைத் தாங்கி உரமேறிற்று, சிலருக்கு ஒவ்வவில்லை. மகாராஷ்டிரத்தின் ஸ்ரீ அவினாஷ் சாப்ளே சிறிது காலம் அவரிடம் பழகிவிட்டுத் தமது பழைய இராணுவப் பயிற்சியாளரிடமே திரும்பினார். 2018-இல் 37 வருஷத்துத் தேசியச் சாதனையை முறியடித்தார். இதைக் கொண்டு ஒரு ஆசிரியர் நல்லவர், மற்றவர் கெட்டவர் என்று தீர்ப்புக் கூறுவது பேதைமை. ஒருவனுக்கு மருந்தாகும் அளவு மற்றொருவனுக்கு நஞ்சாகலாம் என்பதும், அந்த அளவை முன்கூட்டி அறிய ஒரு வழி வேண்டும் என்பதுமே இதிலிருந்து கிடைக்கும் செய்தி.

அதே ரியோவில் ஸ்ரீமதி ஓ. பி. ஜெய்ஷா மாரத்தான் ஓடி முடித்ததும் மயங்கி விழுந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முந்திய வருஷம் பீகிங்கில் அவர் 2 மணி 34 நிமிஷம் 43 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை செய்தவர். ரியோவில் ஆனது 2 மணி 47 நிமிஷம் 19 விநாடி, எண்பத்தொன்பதாவது இடம். வழியில் நம் நாட்டு மேஜைகளில் தமக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை என்றார் அவர். தனிப் பானம் வேண்டுமா என்று முன்னமே கேட்டோம், வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்றது தடகள சம்மேளனம். விசாரணைக் கமிட்டி ஏற்பட்டது. வழக்கறிஞர் தொழிலில் பழகிய நமக்கு இத்தகைய வழக்குகள் புதியவையல்ல. எழுத்தில் ஒன்றும் இல்லாத இடத்தில் இரு தரப்பாரும் சத்தியம் செய்வார்கள். அப்பெண்மணி அந்த வாரங்களில் எவ்வளவு ஓடினார், எப்படித் தூங்கினார், எவ்வளவு நீர் அருந்தினார், பந்தயத்தன்று என்ன திட்டம் என்பதெல்லாம் அவர் கையொப்பத்துடன் ஒரு புத்தகத்தில் இருந்திருந்தால், விழுந்த பிறகு யார் பொறுப்பு என்று தர்க்கம் செய்ய நேர்ந்திராது. விழாமலே தடுத்திருக்கவும் கூடும்.

இங்கே ஒரு வார்த்தை, நம் மலை ரயிலைப் பற்றி. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் ஏறிய அந்த வண்டி, மேட்டுப்பாளையத்தின் 326 மீட்டரிலிருந்து 46 கிலோமீட்டரில் மலையுச்சிக்கு வந்து சேருகிறது. செங்குத்தான இடங்களில் ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். கல்லாற்றுக்கு மேல் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. எத்தனை பெட்டி, எவ்வளவு தண்ணீர், எங்கே நின்று நீர் நிரப்ப வேண்டும் என்று கணக்கில்லாமல் ஒருநாளும் அது புறப்படுவதில்லை. இரும்புக்கு இருக்கிற இந்த மரியாதை எலும்புக்கு ஏன் இல்லை? ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் நாட்டில் இதைக் கேட்க வேண்டியிருப்பது வெட்கமாகத்தான் இருக்கிறது.

கணக்கு என்றவுடன் நம்மவர் அஞ்சுகிறார்கள். லக்ஷக்கணக்கில் யந்திரம் வாங்க வேண்டும், சீமையிலிருந்து நிபுணர் வரவேண்டும் என்று கை விரிக்கிறார்கள். யந்திரங்கள் உண்டு, மறுக்கவில்லை. முதுகில் கட்டும் சிறு கருவி ஒன்று, வானில் சுழலும் செயற்கைக் கோள்களைக் கொண்டு, ஓடிய தூரத்தையும் வேகத்தையும் சொல்லும். நாடியைக் கைக்கடிகாரமே எண்ணும். இவை இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் காரியம் கெடாது. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் ராஜ்யத்தைச் சேர்ந்த கார்ல் ஃபாஸ்டர் என்னும் பேராசிரியர் கண்ட முறைக்கு நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். பயிற்சி முடிந்து அரைமணி நேரம் கழித்து வீரனைக் கேட்க வேண்டியது: ‘இன்றைய உழைப்பு எவ்வளவு கடினமாயிருந்தது?’ ஓய்வுக்குச் சூன்யம், உயிர் போகிற உழைப்புக்குப் பத்து. அவன் சொல்லும் எண்ணைப் பயிற்சி நடந்த நிமிஷங்களால் பெருக்க வேண்டியது. அதுவே அன்றைய பாரம்.

ஒரு பையன் திங்களன்று 60 நிமிஷம் ஓடி ‘நான்கு’ என்கிறான், 240. செவ்வாயன்று 40 நிமிஷம் வேகப் பயிற்சி செய்து ‘ஒன்பது’ என்கிறான், 360. செவ்வாய்க்கிழமை நேரம் குறைவு, பாரமோ அதிகம். இப்படி ஆறு நாளும் கூட்டி அவ்வாரத்துத் தொகை 1,860 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் 2,900 ஆயிற்றென்றால், ஒரே தாவலில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத இவ்வேற்றம் காகிதத்தில் தெரிந்துவிடும். உதகைக்கு வந்த பையனிடம் இம்முறைக்கு இன்னுமொரு விசேஷம் உண்டு. கோயமுத்தூரில் ‘நான்கு’ என்று சொன்ன அதே ஓட்டத்தை மலைமேல் அவனே ‘ஆறு’ என்பான். மலையின் பாரத்தை அவன் வாயே அளந்து கொடுத்துவிடுகிறது. காலையில் எழுந்தவுடன் நாடித் துடிப்பு, தூங்கிய மணி, எங்கே வலி என்ற மூன்றையும் சேர்த்துக்கொண்டால் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்துத் தேகாப்பியாச உபாத்தியாயரே இதை நடத்திவிடலாம். நமது பழைய தாலிம்கானா உஸ்தாதுகள் தண்டாலையும் பஸ்கியையும் எண்ணித்தானே ஏற்றினார்கள்? எண்ணுவது நமக்கு அந்நிய வித்தையல்ல.

நிற்க. நீலகிரிவாசிகளுக்குக் கணக்கு என்றால் வேறொன்று நினைவுக்கு வரும். தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களின் உழைப்பு தலைமுறை தலைமுறையாகத் தராசில் நிறுக்கப்பட்டு வருகிறது. பெயருக்கு நேரே கிலோ எழுதப்படுகிறது. விதித்த அளவுக்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இத்தனை என்று அதிகக் கூலி. அந்தப் புத்தகம் கூடையில் விழுந்ததைச் சொல்லும். பறித்தவளின் முதுகில், முழங்காலில், இரத்தத்தில் என்ன மிச்சமிருக்கிறது என்பதை அதில் தேடினால் கிடைக்காது. 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் சர்க்கார் தோட்டங்களில் குடியேறியவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று மைதானத்துக்கு வருகிறார்கள். அப்பிள்ளைகளிடம் போய், ‘உன் உழைப்பை எண்ணப்போகிறோம்’ என்றால் அவர்கள் ஐயுறுவது நியாயந்தானே? எண்ணுவது யார், எதற்காக எண்ணுகிறார் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஆகையால் கணக்கை ஆதரிக்கிற நாமே அதற்கு வரம்பும் கோருகிறோம். ‘ஒன்பது’ என்று உண்மை சொன்ன பையனைச் சோம்பேறி என்று பெயர் சூட்டிக் குழுவிலிருந்து நீக்கினால், மறுநாள் முதல் எல்லாப் பையன்களும் ‘ஐந்து’ என்றே சொல்லுவார்கள். புத்தகம் நிரம்பும், உண்மை இராது. விடுதியில் இடமும் சாப்பாடும் பயிற்சியாளரின் தயவில் இருக்கும் ஏழைப் பிள்ளைக்குப் பொய் சொல்லுவது ஒரு தற்காப்பு. அத்தற்காப்பை அவசியமில்லாததாக ஆக்குவது நிர்வாகத்தின் கடமை.

எண்களை வழிபடுவதும் தகாது. ஆஸ்திரேலியாவின் டிம் கேபட் என்பவர் ஒரு வாரத்துப் பாரத்தை நான்கு வாரத்துச் சராசரியால் வகுத்து, அவ்விகிதம் 0.8-க்கும் 1.3-க்கும் இடையிலிருந்தால் க்ஷேமம், 1.5-ஐத் தாண்டினால் அபாயம் என்று 2016-இல் எழுதினார். உலகமெங்கும் அது வேதவாக்காயிற்று. பிறகு, இத்தாலியரான இம்பெல்லிஸெரி முதலிய அறிஞர்கள் அந்த விகிதம் காயத்தை உண்டாக்குகிறது என்பதற்கோ, அதைத் திருத்தினால் காயம் நிற்கும் என்பதற்கோ தக்க ருசு இல்லை என்று கண்டித்தனர். நமது அபிப்பிராயத்தில் அவர்கள் கண்டனம் வலுவுள்ளது. திடீரென்று பாரம் ஏற்றுவது ஆபத்து என்ற பொது அறிவு அதனால் தகர்ந்துபோகவில்லை. ஒரு தனி எண்ணைக் கோடு கிழித்தாற்போல் நம்பக்கூடாது என்பதே பெறப்படுகிறது. நியாயஸ்தலத்தில் சாட்சி வேறு, நீதிபதி வேறு. எண் சாட்சிக் கூண்டில் நிற்கட்டும். குறுக்கு விசாரணைக்கும் உட்படட்டும். தீர்ப்புச் சொல்ல அனுபவமுள்ள ஆசிரியரும் வைத்தியரும் வீரனும் சேர்ந்து உட்கார வேண்டும்.

கிரிக்கெட்காரர்களைப் பாருங்கள். ஸ்ரீ ஜஸ்பிரீத் பும்ரா 2025-இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டுகளில் மூன்றில் மாத்திரம் ஆடுவார் என்று முன்னமே அறிவித்து, அவ்வாறே செய்தார்கள். வாரியத்திடம் பணம் இருக்கிறது. அவர் வீசும் ஒவ்வொரு பந்தும் எண்ணப்படுகிறது. இத்தனைக்குப் பிறகும் காயம் வராமலில்லை என்பது வேறு. நம் சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டி ஸ்ரீ நடராஜன் 2020-இல் ஐ.பி.எல். பந்தயங்களை முடித்துக்கொண்டு, வலைப் பயிற்சியில் பந்து வீசுவதற்கென்று ஆஸ்திரேலியா சென்று, ஒரே பிரயாணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக இறங்கினார். தமிழ்நாடே ஆனந்தக் கூத்தாடிற்று. 2021 ஏப்ரலில் அவர் முழங்காலுக்குச் சஸ்திர சிகிச்சை நடந்தது. இத்தகையவருக்கு வைத்தியம் செய்யவும் மீண்டும் பழக்கவும் ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. கோத்தகிரிப் பள்ளிக்கூடத்தில் 1,500 மீட்டர் ஓடும் பெண்ணுக்கு முழங்கால் போனால் அத்துடன் அவள் ஓட்டம் முடிந்தது. பத்திரிகையில் ஒரு வரிகூட வராது. கணக்கு யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்கு அது இல்லை.

அப்பெண்ணைப் பற்றிச் சிறிது விரித்தே சொல்ல வேண்டும். மலைப் பயிற்சி இரத்தத்தை வளர்க்கும் என்றோம். இரத்தம் வளர இரும்புச்சத்து வேண்டும். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை, தமிழ்நாட்டில் 53.4. இரும்பு இல்லாத தேகத்தை உதகைக்கு ஏற்றினால் ஆதாயம் ஒன்றும் இராது, களைப்புத்தான் மிஞ்சும். உண்ணும் உணவு உழைப்புக்குப் போதாதபோது பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதும், எலும்பு மெலிந்து விரிசல் காண்பதும் உண்டு என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள் 2014-இலேயே எச்சரித்திருக்கிறார்கள். கூச்சத்தினால் நம் ஆண் பயிற்சியாளர்கள் இதைக் கேட்பதில்லை, பெண்கள் சொல்வதுமில்லை. கூச்சத்தின் விலையை எலும்பு கொடுக்கிறது. ஒவ்வொரு பெண்கள் முகாமிலும் இவ்விஷயத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு பெண் வைத்தியரோ தாதியோ இருந்தே தீரவேண்டும். மலையேறுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும், ஏறிய பின்பல்ல.

இப்படிச் சேரும் விவரங்கள் யாருடைய சொத்து? 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் வெளியான அதன் விதிகளும் படிப்படியாக அமலுக்கு வந்துகொண்டிருக்கின்றன. 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டுமென்பது அச்சட்டத்தின் விதி. முகாம்களில் இதற்கு ஒரு அச்சடித்த பாரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால் சட்டம் திருப்தியடையலாம். நாம் திருப்தியடைய மாட்டோம். அதில் என்ன எழுதியிருக்கிறதென்று தோட்டத்து லயத்தில் இருக்கும் தாய்க்குத் தமிழில் சொல்ல வேண்டும். நோட்டுப் புத்தகம் வீரனுடையது. ஒரு பயிற்சியாளரை விட்டு மற்றொருவரிடம் செல்லும்போது அவன் அதைக் கையோடு எடுத்துச் செல்ல உரிமை வேண்டும். இன்று ஆசிரியர் மாறினால் பழைய கணக்கு முழுவதும் மறைந்து, புதியவர் சூன்யத்திலிருந்து தொடங்குகிறார். பழைய காயத்தின்மேலேயே புதிய பாரமும் ஏறுகிறது.

இயற்கை இம்மலைக்கு அளித்த வசதி ஒன்றை நாம் இன்னும் சரிவரப் பயன்படுத்தவில்லை. உயரத்தில் வசித்து, வேகப் பயிற்சியை மாத்திரம் தாழ்ந்த நிலத்தில் செய்தால் பலன் மிகுதி என்று அமெரிக்கரான லெவினும் ஸ்ட்ரே-குண்டர்சனும் 1997-இல் காட்டினர். பல தேசத்தார் இதற்காக அறைக்குள்ளே காற்றை மெலிதாக்கிப் படுத்துறங்குகிறார்கள். நமக்கோ உதகையும் மேட்டுப்பாளையமும் ஒரே சாலையில் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் வீரர்களைக் கீழே இறக்கி ஓடவிட்டு மாலையில் மேலேற்ற ஒரு பஸ் போதும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் நெளிந்து போய்வரும் அப்பிரயாணமும் ஒரு பாரமே; அதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தாரை நாம் கேட்பது பெரிய தொகையன்று. உதகைத் திறந்தவெளி மைதானத்துக்கு வரும் ஒவ்வொரு குழுவுக்கும் முதல் வாரம் பாரத்தைக் குறைத்தே தொடங்க வேண்டுமென்ற நிபந்தனை விதிக்கட்டும். கொண்டுவரும் பயிற்சியாளர், ஒவ்வொரு வீரனின் முந்திய நான்கு வாரக் கணக்கையும் இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் வாயிலிலேயே காட்டட்டும். இல்லாதவருக்குச் சமவெளி மைதானங்கள் நிறைய இருக்கின்றன. நீலகிரி ஜில்லாவின் பள்ளிக்கூடத் தேகாப்பியாச உபாத்தியாயர்களைக் கோடை விடுமுறையில் பத்து நாள் கூட்டிவைத்து மேற்சொன்ன கணக்கைக் கற்பிக்கட்டும். வருகிற கோடைக்கு முன் இவற்றில் எவை நடந்தன என்பதை இப்பத்தியிலேயே மறுபடி கேட்போம்.